செவிக்குக் கண் தந்தவர்

ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் தோட்டத்துத் திடலில் வங்காளதேசத்துத் தொழிலாளர் சிலர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். பலகையைச் செதுக்கிச் செய்த மட்டை; நைந்துபோன ஒரு பந்து; விக்கெட்டுக்குப் பதிலாக ஒரு பழைய எண்ணெய்த் தகரம். ஆட்டத்தில் சேராத நால்வர், கைப்பேசி ஒன்றைச் சுற்றிக் குந்தியிருந்தனர். அதிலிருந்து ஒருவர் வங்காளி மொழியில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் ஏறினால் இவர்கள் முகம் மலர்ந்தது. அவர் குரல் தாழ்ந்தால் இவர்கள் தலை கவிழ்ந்தது. நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் அருகில் நின்று இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிராணி ஐயா, அந்த ஆளு என்னா சொல்றாரு? இவனுங்க இப்படிச் சொக்கிப் போயிருக்கானுங்களே!” என்றார்.

“எங்கேயோ நடக்கும் பந்தாட்டத்தை அவர்கள் பாஷையிலே சொல்கிறார், தாத்தா” என்றேன்.

“நம்ம பாஷையிலே இப்படிச் சொல்ல ஆளு இருந்தாங்களா?”

எனக்கு உடனே விடை வரவில்லை. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நான், கிரிக்கெட்டைப் பற்றி அறிந்தவையெல்லாம் ஆங்கிலத்திலேயே அறிந்தவை. அப்பெரியவரின் வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

வேலிக்கு அப்பால் இருந்த ஆட்டம்

நமது சிலாங்கூரில் கிரிக்கெட் நேற்று வந்ததன்று. 1884ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் தோன்றியது. அதன் முன்னிருந்த திடலில், இன்று மெர்டேக்கா சதுக்கம் என வழங்கும் அதே இடத்தில், வெள்ளைத் துரைமார் வெள்ளுடை அணிந்து கிரிக்கெட் ஆடினர். ஆங்கிலப் பள்ளி மாணாக்கரும் அரசாங்க எழுத்தர்களும் பின்னர் அதனைக் கற்றனர். தோட்டத்திலிருந்தவர்க்கோ அது வேலிக்கு அப்பால் நடக்கும் ஆட்டம். துரை ஆடுவார்; கூலி வேலியோரம் நின்று பார்ப்பார்; பந்து புதருள் விழுந்தால் எடுத்துக் கொடுப்பார். அவ்வளவே.

1932ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியது. சி. கே. நாயுடு தலைமை தாங்கிய அந்தப் பதினொருவரில் ஒருவர் நம் கோலாலம்பூரில் 1909இல் பிறந்து வளர்ந்த லால் சிங். அன்று காலையில் இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகளை இழந்தது. மூன்றாவது விக்கெட்டாகிய பேர்பெற்ற உல்லியை ஓட்டத்தில் வீழ்த்தியது லால் சிங்கின் விரைந்த களத்தடுப்பு. இரண்டாம் முறை மட்டை பிடித்தபோது அவரும் அமர் சிங்கும் சேர்ந்து 74 ஓட்டங்கள் குவித்தனர். இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றதாயினும், சிலாங்கூர் மண்ணில் பிறந்த ஒருவர் உலகப் புகழ் கொண்ட மைதானத்தில் தம் திறனைக் காட்டினார்.

இச்செய்தியைக் கோல சிலாங்கூர்ப் பகுதித் தோட்டங்களில் அன்று எத்தனை பேர் கேட்டிருப்பர்? கேட்கும் ஆவல் இல்லாமலன்று. சொல்லும் வாய் இல்லை. ஆங்கிலப் பத்திரிகை கிராணியின் மேசையோடு நின்றுவிட்டது. லயத்துக்கு வரவில்லை.

வானொலி வந்தது, ஆங்கிலமே பேசிற்று

கிரிக்கெட்டை வானொலியில் வர்ணிக்கும் வழக்கம் 1922இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கியது. இந்தியாவில் 1934ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பம்பாயில் பார்சிகளும் முஸ்லிம்களும் மோதிய ஆட்டத்தை ஏ. எஃப். எஸ். தல்யார்கான் என்பவர் வர்ணித்தார். அவர் குரல் கம்பீரமானது; ஆங்கிலம் அழகானது. நாள் முழுதும் தனியொருவராகவே பேசுவார். வேறொருவரோடு ஒலிவாங்கியைப் பங்கிட்டுக்கொள்ள மனம் ஒப்பாமல், 1948-49இல் வானொலியார் மூவரைச் சேர்த்து அமர்த்த முயன்றபோது விலகிக்கொண்டார்.

அவர் திறமையைக் குறைகூற நாம் துணியோம். ஆயினும் ஒன்று கேட்போம். அந்த வர்ணனையைக் கேட்டு விளங்கிக்கொண்டவர் நூற்றுக்கு எத்தனை பேர்? ஆங்கிலம் அறியாத வண்டிக்காரனும், ஆலைத் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியும் வானொலிப் பெட்டியின் முன் நின்று இரைச்சலையே கேட்டிருப்பர். கண் இல்லாதவனுக்குக் காட்சியைச் சொல்ல வந்தவன், அவனுக்குத் தெரியாத மொழியில் சொன்னால், அவன் பெற்ற நன்மை யாது?

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் சிலர். அவருள் தலைசிறந்தவராக விளங்கியவர் ஜஸ்தேவ் சிங்.

ஒரு சாவு ஊர்வலம் தந்த எண்ணம்

1948ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள். காந்தியடிகளின் உடல் டில்லி மாநகரின் வீதிகள் வழியே யமுனைக் கரை நோக்கிச் சென்றது. மெல்வில் டி மெல்லோ என்னும் வானொலியாளர் ஊர்வலத்தோடு கூடவே சென்று, ஏறத்தாழ ஏழு மணி நேரம் அக்காட்சியை ஆங்கிலத்தில் வர்ணித்தார். அதனைத் தொலைவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இளைஞருள் ஒருவர் இராஜஸ்தானத்தில் 1931இல் பிறந்த ஜஸ்தேவ் சிங். அப்போது அவருக்கு வயது பதினாறு. அன்றே தாமும் வர்ணனையாளராவது என்று முடிவு செய்தார்; ஆனால் ஆங்கிலத்தில் அன்று, இந்தியில்.

அம்முடிவின் துணிவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் நேர்முக வர்ணனை என்றால் ஆங்கிலம் என்றே பொருள். அவரோ உருது வழியாகக் கல்வி கற்றவர். வானொலியார் நடத்திய தேர்வில் முதல்முறை அவர் தேறவில்லை. சோர்ந்து வேறு தொழில் தேடியிருக்கலாம், தேடவில்லை. 1955இல் ஜெய்ப்பூர் வானொலி நிலையத்தில் இடம் பெற்றார். 1963 முதல் டில்லிச் செங்கோட்டையிலிருந்து விடுதலை நாள் விழாவை வர்ணித்தார். குடியரசு நாள் அணிவகுப்பு என்றால் அவர் குரல் என்று மக்கள் பழகிவிட்டனர். ஒலிம்பிக் விழாக்கள் ஒன்பது, உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகள் எட்டு, ஆசிய விளையாட்டு விழாக்கள் ஆறு ஆகியவற்றை இந்தியில் சொன்னவர் அவர். 1988இல் ஒலிம்பிக் இயக்கத்தின் உயர்விருது அவரை அடைந்தது. இந்திய அரசு 1985இல் பத்மஸ்ரீயும் 2008இல் பத்மபூஷணும் வழங்கியது. 2018 செப்டம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் பேசிய இந்தி அகராதியைப் புரட்டிப் பார்த்துப் பேசிய இந்தியன்று. உருதும் இந்தியும் கலந்த, சந்தையிலும் திண்ணையிலும் மக்கள் பேசும் மொழி. புலவர் மெச்சவேண்டும் என்று பேசாமல், உழவன் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று பேசினார்.

இந்தி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தமிழர் 1938இலும் 1965இலும் எதிர்த்தது இந்தித் திணிப்பை. தம் மொழியைத் தம் மக்களிடம் கொண்டுசென்ற ஓர் இந்தி வர்ணனையாளரின் உழைப்பை மதிப்பதற்கு அது தடையாகாது. பிறர் தம் மொழிக்குச் செய்ததைக் கண்டால் நாம் நம் மொழிக்குச் செய்ய வேண்டியது தெரியும்.

கோலாலம்பூரிலிருந்து எழுந்த குரல்

ஜஸ்தேவ் சிங்கின் வாழ்வில் அவர் பெயரை என்றும் நிலைநாட்டிய நாள் ஒன்று உண்டு. அந்நாளின் களம் டில்லியன்று, பம்பாயன்று, நமது கோலாலம்பூர். 1974 பிப்ரவரி வரை சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்திருந்த அதே கோலாலம்பூர்.

1975 மார்ச்சுத் திங்களில் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி அங்கே நடந்தது. மலேசிய அணியில் ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பத்மராஜன் முதலிய நம்மவர் ஆடினர். அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் மோதின. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் மலேசியா இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் நின்றது. அப்போது மாற்றாளாக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் இந்தியா வென்றது. என் பாட்டனார் இறக்கும்வரை இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். “நாம ஜெயிச்சிருக்கணும்” என்பார். அந்த ‘நாம’ மலேசியா. பிறந்த மண்ணின் மேல் அவர் கொண்ட பற்றுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மார்ச்சு 15, சனிக்கிழமை, மெர்டேக்கா அரங்கில் இறுதியாட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும் எதிர்நின்றன. அந்நாளில் இந்தியக் கிராமங்களில் தொலைக்காட்சி இல்லை. கோடிக்கணக்கான மக்களுக்கு ஆட்டத்தைக் காண ஒரே வழி காது. அக்காதுகளுக்கு இந்தியில் கண்ணாக அமைந்தவர் ஜஸ்தேவ் சிங்.

முதற் கோல் பாகிஸ்தானுடையது. இடைவேளைக்குப் பின் சுர்ஜித் சிங் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். பின்னர் ஹாக்கி மாமேதை தியான் சந்தின் மகன் அசோக் குமார் பந்தை அடித்தார். பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. உள்ளே சென்றதா, செல்லவில்லையா? கோல் என்று தீர்ப்பளித்தவர் மலேசிய நடுவர் விஜயநாதன். பாகிஸ்தான் வீரர் மறுத்து முறையிட்டனர், தீர்ப்பு மாறவில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கோப்பை இந்தியாவுக்கு.

வர்ணனையாளரின் வேலை எத்துணை அரிது என்பதற்கு இந்த ஒரு கணமே போதும். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் மறு பந்துக்கும் இடையே மூச்சு விட நேரம் உண்டு. வானத்தைப் பற்றிச் சொல்லலாம். ஆட்டக்காரரின் பழைய கதையைச் சொல்லலாம். ஹாக்கியில் அந்த ஓய்வு இல்லை. பந்து எந்தப் பக்கம் உள்ளது, யார் கோலில் உள்ளது, எவரை நோக்கிப் போகிறது என்பவற்றை ஓட ஓடச் சொல்ல வேண்டும். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிய கணத்தில், கோல் என்று முந்திச் சொன்னால் பொய்யாகக்கூடும். தயங்கினால் கேட்போர் தவித்துப் போவர். கண்டதை மட்டும், கண்ட உடனே, கேட்பவன் அறிந்த சொல்லில் சொல்லுவது: இதுவே அக்கலையின் சாரம்.

பாதி ஆட்டம் கேட்டவர்கள்

கிரிக்கெட் வர்ணனையிலும் ஜஸ்தேவ் சிங்கின் குரல் ஒலித்தது. அவரோடு இன்னும் இருவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருவர் டில்லியில் விலங்கியல் ஆசிரியராயிருந்த ரவி சதுர்வேதி. மற்றவர் இந்தூர்க்காரர் சுசீல் தோஷி. முன்னவருக்கு 2012இலும் பின்னவருக்கு 2016இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. ‘இந்தியில் கிரிக்கெட்டைச் சொல்ல முடியுமா’ என்று நகைத்தவர்கள் வாயடைந்து போகுமாறு இவர்கள் உழைத்தனர்.

அகில இந்திய வானொலி டெஸ்ட் ஆட்டங்களில் ஒரு முறையைக் கையாண்டது. சிறிது நேரம் ஆங்கிலம், பின்னர் சிறிது நேரம் இந்தி, மீண்டும் ஆங்கிலம் என மாறிமாறி வரும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவனுக்கும் பாதி ஆட்டம். இந்தி மட்டும் அறிந்தவனுக்கும் பாதி ஆட்டம். இரண்டும் அறியாத தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சிறுவனுக்கோ கூட்டத்தின் ஆரவாரமே மிச்சம். ஆரவாரம் பெரிதாக எழுந்தால் நான்கு ஓட்டமா, விக்கெட்டா என்று ஊகிப்பான். பிறகு யாரேனும் ஆங்கிலம் படித்தவரிடம் ஓடிக் கேட்பான்.

தமிழில் சொன்ன சாத்தான்குளத்தார்

அச்சிறுவனின் குறையைத் தீர்க்க வந்தவருள் முதன்மையானவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். தென்பாண்டிச் சீமையிலுள்ள சாத்தான்குளத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட இவர், இலங்கை வானொலியில் நாடகக் கலைஞராய்க் குரலைப் பண்படுத்திக்கொண்டவர். 1980களில் சென்னை வானொலியில் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனை வேரூன்றியதற்கு அவர் குரல் பெருந்துணை. 2020 டிசம்பர் 22ஆம் நாள், எண்பத்தொரு வயதில் அவர் மறைந்தபோது, கடல்கடந்த தமிழரும் துயருற்றனர்.

நாடக மேடையிலிருந்து வந்தவர் என்பதில் ஒரு பொருத்தம் உண்டு. வானொலி நாடக நடிகனுக்கு முகமில்லை, உடையில்லை. குரல் ஒன்றினாலேயே அரசனையும் ஆண்டியையும் காட்ட வேண்டும். அதே பயிற்சியே திடலையும் காட்ட உதவிற்று.

அவர் காலத்து வர்ணனையாளர் எதிர்கொண்ட இடர் சொற்களைப் பற்றியது. ஆங்கிலச் சொல்லை அப்படியே சொன்னால் படித்தவர்க்கே விளங்கும். எல்லாவற்றையும் தனித்தமிழாக்கினால், கேட்பவன் அகராதி தேடுவதற்குள் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். எனவே நடுவழி ஒன்று பிறந்தது. மட்டையாளர், பந்து வீச்சாளர், களத்தடுப்பு, எல்லைக்கோடு, ஓட்டங்கள், ஆட்டமிழந்தார் என்பன தமிழாயின. விக்கெட், ஓவர் என்பன அப்படியே தங்கின. ஈழத்தமிழர் மட்டையைத் துடுப்பு என்றனர். மட்டையாளரைத் துடுப்பாட்டக்காரர் என்றனர். இரண்டும் தமிழே.

ஒரு சான்று காட்டுவேன். 1986 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டம். வெற்றிக்கு இந்தியா 348 எடுக்க வேண்டும். 347இல் கடைசி ஆட்டக்காரர் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. முறையில் வெளியேறினார். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. 1960இல் பிரிஸ்பேன் நகரில் நேர்ந்த பின் டெஸ்ட் உலகம் கண்ட இரண்டாவது சமநிலை அது. அந்த எல்.பி.டபிள்யூ. என்பதை ஆட்டம் அறியாதவனுக்கு எங்ஙனம் விளக்குவது? ‘விக்கெட்டை நோக்கி வந்த பந்தைக் காலால் மறித்துவிட்டார், நடுவர் கையை உயர்த்திவிட்டார்’ என்று ஒரு வரியில் சொன்னால், பத்து வயதுச் சிறுவனுக்கும் விளங்கும். தமிழுக்கு ஆற்றல் இல்லை என்போர், தமக்குப் பொறுமை இல்லை என்பதையே அங்ஙனம் கூறுகின்றனர்.

இந்த வேலை நம் தோட்ட மக்களுக்குப் புதிதன்று. நம் முன்னோர் மலாய்க்காரரிடமிருந்து கித்தா என்ற சொல்லையும் மங்கு என்ற சொல்லையும் பெற்றுத் தமிழாக்கிக்கொண்டனர். பெரட்டு, லயம், துண்டு, கங்காணி என ஒரு தனி அகராதியையே படைத்தனர். பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், 1917இல் இந்நாட்டில் முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை பயிரிடப்பட்ட தோட்டத்தின் பெயரே ‘தென்னமரம்’ அன்றோ? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் செய்த சொல்லாக்கம் இது. படித்தவர் செய்ய முடியாதென்பது நாணத்தக்கது.

கிராணியின் கடமை

இனி, என் குற்றம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மருத்துவச் செலவைத் திரும்பப் பெற விண்ணப்பிப்பது பற்றிய ஆங்கில அறிக்கை ஒன்று அலுவலகத்துக்கு வந்தது. அதனைப் பெரட்டில் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. விடியற்காலை, மழை தூறிக்கொண்டிருந்தது, வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆங்கிலச் சொற்களை அப்படியே விட்டு, இடையிடையே ‘இருக்கிறது’, ‘வேண்டும்’ என்று தமிழ் வால் ஒட்டி, இரண்டு நிமிடத்தில் படித்து முடித்தேன். கடமை தீர்ந்தது என்று எண்ணினேன்.

கடைசி நாள் கடந்து ஒரு வாரம் சென்றபின், உரமிடும் பகுதியில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் மருந்துச் சீட்டுகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். காலம் கடந்துவிட்டது என்றேன். அவர் என்மேல் சினக்கவில்லை.

“நீங்க சொல்லத்தான் செஞ்சீங்க ஐயா. எனக்குத்தான் விளங்கலை” என்றார்.

அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். தம்மையே நொந்துகொண்டாரே, அதுதான் இன்றும் நெஞ்சை அறுக்கிறது. விளங்கும்படி சொல்லாதவன் குற்றத்தை, விளங்காதவர் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். நூறாண்டுகளாக நம் மக்கள் இப்படித்தான் ஏற்றுக்கொண்டு வருகின்றனர்.

கிராணியும் ஒரு வர்ணனையாளனே. அலுவலகத்தில் நடப்பது லயத்திலிருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. சட்டம் மாறுகிறது; சேமநிதி விதி மாறுகிறது; நிலம் கைமாறுகிறது. அந்தத் திடலைப் பார்க்கும் இடத்தில் அமர்ந்திருப்பவன், கண்டதைக் கண்டபடி, அவர்கள் அறிந்த சொல்லில் சொல்ல வேண்டும். தன் ஆங்கிலத்தைக் காட்டுவதற்காகச் சொல்பவன் தல்யார்கானின் குரலில்லாத தல்யார்கான்.

அதற்குப் பின் பெரட்டுக்குப் போகுமுன் அறிக்கைகளை இரவிலேயே தமிழில் எழுதிவைத்துக்கொள்கிறேன். கடைசி நாளை மும்முறை சொல்கிறேன். வர்ணனையாளர் ஓட்ட எண்ணிக்கையை அடிக்கடி சொல்வது போல. கேட்டவரில் ஒருவரை, விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். இவை பெரிய தொண்டு அல்ல. ஆயினும் அவ்வம்மையாருக்கு நான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி.

ஆங்கிலமும் மலாயும் கற்ற இளைஞர்களே! நீங்கள் கற்றவை வேலியாக நிற்கவேண்டுமா, வாயிலாகத் திறக்கவேண்டுமா என்பது உங்கள் கையில் உள்ளது. பதினாறு வயது இளைஞர் ஒருவர் ஒரு சாவு ஊர்வலத்தின் ஆங்கில வர்ணனையைக் கேட்டு, ‘இதை என் மக்களின் மொழியில் சொல்வேன்’ என்று எழுந்தார். அந்த ஒரு முடிவு கோலாலம்பூர்த் திடலை இந்தியக் குடிசைகள்தோறும் கொண்டுசேர்த்தது.

அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவரிடம் அப்துல் ஜப்பாரைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாயிருந்தார்.

“ஆளு இருந்திருக்காரு. நமக்குத்தான் யாரும் சொல்லலை” என்றார்.

இப்போது சொல்லிவிட்டேன்.